ஸ்கிரிவனரில் ஒரு தமிழ் நாவல்: பதினெட்டு மாதம் பயன்படுத்திய பின்

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பற்றி நான் எழுதத் தொடங்கிய நாவல், 140ஆம் பக்கத்தில் நின்று ஏழு மாதம் ஆகியிருந்த நேரத்தில்தான் ஸ்கிரிவனர் மென்பொருளை வாங்கினேன். கதை தீர்ந்துபோனதால் அது நிற்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை மட்டுமே எழுதக் கிடைக்கும் எனக்கு, அந்த ஒன்றரை மணி நேரத்தில் முந்தைய நாள் விட்ட இடத்தைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. நாவல் முழுவதும் ஒரே கோப்பில் இருந்ததால், திறந்தவுடன் கண்ணில் படுவது முதல் பக்கம்; அதில் ஒரு சொல் உறுத்தும்; அதைத் திருத்துவேன்; அடுத்த பத்தியும் உறுத்தும். இப்படி முதல் அத்தியாயத்தை நாற்பது தடவை துலக்கியிருப்பேன், பதினோராம் அத்தியாயத்தில் ஒரு வரிகூடச் சேர்ந்திருக்காது. நாவலைத் திறப்பதற்கே தயக்கம் வந்துவிட்ட பிறகு, எழுத்தாளருக்கு ஊக்கம் இல்லை என்று சொல்வது எளிது. ஆனால் ஊக்கம் கரைந்த இடம் எது என்று பார்த்தால், அது தினமும் காலையில் அந்த முதல் பக்கத்தைக் கடக்கும் பத்து நிமிடத்தில்தான் இருந்தது.

ஸ்கிரிவனரை உருவாக்கிய கீத் பிளவுண்ட் இங்கிலாந்துக்காரர். நாவல் எழுத விரும்பிய அவர், தனக்கு ஏற்ற மென்பொருள் எதுவும் கிடைக்காததால் நிரலெழுதக் கற்றுக்கொண்டு இதைத் தானே செய்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அவர் தொடங்கிய லிட்ரேச்சர் அண்ட் லாட்டே நிறுவனம் 2007இல் மேக் கணினிக்கான முதல் பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் பதிப்பு 2011இலும், ஐபோன், ஐபேட் பதிப்பு 2016இலும் வந்தன. நான் பயன்படுத்துவது மேக்கில் இயங்கும் மூன்றாம் பதிப்பு. எனவே இந்த மதிப்புரையில் சொல்பவை அந்தப் பதிப்பில் தமிழ் எழுதிய அனுபவம் மட்டுமே.

இதன் அடிப்படை எண்ணம் ஒன்றே ஒன்று: நாவல் என்பது ஒரு நீண்ட கோப்பு அல்ல, பல சிறு துண்டுகளின் கோவை. திரையின் இடப்புறம் பைண்டர் என்னும் பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு காட்சியும் தனித்தனித் தாளாக நிற்கும். அவற்றை அத்தியாயக் கோப்புறைகளுக்குள் அடுக்கலாம், இழுத்து இடம் மாற்றலாம், ஒன்றை மட்டும் திறந்து எழுதலாம், வேண்டும்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியாகவும் வாசிக்கலாம். கேட்பதற்குச் சாதாரணமான வசதிதான். ஆனால் காலை ஐந்து மணிக்கு அந்த மென்பொருளைத் திறக்கும்போது, நேற்று கடைசியாக எழுதிக்கொண்டிருந்த காட்சி, அதே வரியில், வேறெதுவும் கண்ணில் படாமல் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 140 பக்கங்களும் பின்னால் எங்கோ பத்திரமாக இருந்தன. என் முன்னால் இருந்ததோ இரண்டு பக்கக் காட்சி ஒன்று. ஒரு கிழவி, ஒரு பேத்தி, மழை பெய்யுமா பெய்யாதா என்ற பேச்சு, அவ்வளவுதான். அதை எழுதுவதற்கு நாவலாசிரியராக இருக்க வேண்டியதில்லை, அந்தக் காட்சியைத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் காட்சியின் சுருக்கத்தை இரண்டு மூன்று வரியில் எழுதிவைக்கலாம். கார்க்போர்டு என்னும் பார்வைக்கு மாறினால், சுவரில் குத்திவைத்த அட்டைகளைப் போல எல்லாச் சுருக்கங்களும் வரிசையாகத் தெரியும். என் பழைய கோப்பை இதற்குள் கொண்டுவந்து வெட்டியபோது 64 காட்சிகள் கிடைத்தன. யாருடைய பார்வையில் காட்சி நகர்கிறது என்பதற்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டேன்: பாட்டிக்கு மஞ்சள், மகளுக்குப் பச்சை, பேத்திக்கு நீலம். வண்ணம் தீட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், 21ஆம் அட்டையிலிருந்து 38ஆம் அட்டை வரை ஒரு பச்சைகூட இல்லை. மகள் செல்லம்மாள்தான் நாவலின் நடுத்தூண் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டுக் காட்சிகளுக்கு அவளை நான் மறந்தே போயிருந்தேன். எழுதும்போது என்னைத் தடுத்துநிறுத்தியது எது என்பது அந்த நொடியில்தான் விளங்கியது. தூண் இல்லாத கூடத்தில் மேற்கொண்டு கூரை போட முயன்றுகொண்டிருந்தேன். இதை மென்பொருள் எனக்குச் சொல்லவில்லை, வெறும் தாளில் வண்ணப் பென்சில் வைத்தும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனாலும் 64 அட்டைகளையும் ஒரே பார்வையில் முன்னால் விரித்துவைத்தது இதுதான் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

உப்பளத்தில் காலம் என்பது ஆங்கில மாதக் கணக்கில் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வருமானம் இல்லை, கடன் உண்டு. ஆகவே காட்சிகளை ‘வேலைக் காலம்’, ‘மழைக் காலம்’ என்று இரண்டாகக் குறித்து மறுபடியும் அடுக்கினேன். மழைக் காலத்துக் காட்சிகளில்தான் எல்லாச் சண்டைகளும் எல்லாக் கல்யாணப் பேச்சுகளும் நடக்கின்றன என்பதும், வேலைக் காலத்துக் காட்சிகளில் யாரும் அதிகம் பேசுவதே இல்லை என்பதும் அப்போது தெரிந்தன. நாவலின் இரண்டாம் பாதியை நான் எழுதியது முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான்.

நாவலுக்கென்று இதில் ஆயத்தமாக வரும் மாதிரியில், கதைமாந்தர் குறிப்புத் தாள் ஒன்று இருக்கிறது. கதையில் அவர் பங்கு, தொழில், தோற்றம், குணம், பழக்கவழக்கம், பின்னணி, உள்மோதல், வெளிமோதல் என்று தலைப்புகள் போட்டிருப்பார்கள். நல்ல தலைப்புகள்தான். ஆனால் தமிழில் ஒரு மனிதரை எழுதப் போகிறவருக்கு இவை போதாது. யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார், யாருக்கு நீ, யாருக்கு நீங்கள், யார் எதிரில் உட்காரமாட்டார் என்பவை நம் கதைகளில் பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. இருபது வருடமாக அண்ணன் மனைவியை ‘மதினி’ என்று கூப்பிட்டுவந்த செல்லம்மாள், பங்குப் பணம் பிரிந்த அன்று முற்றத்தில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் காட்சியில் அதற்கு மேல் எந்த வசனமும் தேவைப்படவில்லை. அந்தத் தாளை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், ‘அழைக்கும் முறை’ என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, உள்மோதலை எடுத்துவிட்டேன். உள்மோதல் என்ன என்று முன்கூட்டியே எழுதிவைத்த பாத்திரங்கள் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி வளரவே இல்லை.

இனி, பலரும் இந்த மென்பொருளை வாங்குவதற்குக் காரணமான இலக்குக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாவல் மொத்தம் எத்தனை சொல், இன்றைய அமர்வில் எத்தனை சொல் என்று இரண்டு எண்களை நாம் கொடுத்துவிட்டால், எழுத எழுத ஒரு பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். 1999இல் அமெரிக்காவில் தொடங்கி, பிற்காலத்தில் உலகம் முழுவதும் நவம்பர் மாத வழக்கமாகப் பரவிய நாவல் எழுதும் இயக்கம் 30 நாளில் 50,000 சொல் என்ற கணக்கை நிலைநிறுத்தியது. நாளுக்கு ஏறத்தாழ 1,667 சொல். இணையத்தில் எழுத்துப் பயிற்சி தேடும் நம் இளைஞர்களும் இந்த எண்ணை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு, நான்காம் நாளே மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. ‘வந்துகொண்டிருந்தவர்களைப்பற்றி’ என்பதை நாம் ஒரே சொல்லாக எழுதினால் கணினிக்கு அது ஒன்று. அதையே ‘வந்து கொண்டிருந்தவர்களைப் பற்றி’ என்று பிரித்து எழுதினால் மூன்று. ஆங்கிலத்தில் அதே பொருளைச் சொல்ல ஐந்தாறு சொற்களாவது வேண்டும். ஆக, ஒரே பக்கத்தை எழுதிய இரண்டு தமிழ் எழுத்தாளர்களின் சொற்கணக்கே இடைவெளி விடும் பழக்கத்தைப் பொறுத்து வேறுபடும்போது, வேறொரு மொழியின் எண்ணை வைத்து நம் உழைப்பை அளப்பதில் நியாயம் இல்லை. சொல்லுக்குப் பதிலாக எழுத்தை எண்ணச் சொல்லலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு: ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடு.

நான் செய்தது இதுதான். எனக்கே திருப்தியாக வந்த பழைய காட்சிகளில் ஒரே காலையில் எழுதி முடித்தவை எவை என்று நினைவுபடுத்தி, அவற்றின் சொல் எண்ணிக்கையைப் பார்த்தேன். 380, 430, 410 என்று வந்தன. நாள் இலக்கை 400 என்று வைத்தேன். எழுத வேண்டியிருந்தது சுமார் 60,000 சொல். அப்படியானால் 150 காலைகள். வாரத்துக்கு ஐந்து காலை என்றால் முப்பது வாரம். மலையாகத் தெரிந்த வேலை, எண்ணி முடிக்கக்கூடிய காலைகளாக மாறியது. உண்மையில் பதினோரு மாதம் ஆயிற்று என்றாலும், அந்தப் பதினோரு மாதத்தில் நாவல் ஒருமுறைகூட ‘நின்றுபோகவில்லை’.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். முடிக்க வேண்டிய தேதி ஒன்றைக் கொடுத்தால், எஞ்சிய நாட்களைக் கொண்டு நாள் இலக்கை மென்பொருளே கணக்கிட்டுத் தரும். முதலில் இதை ஆசையாகப் போட்டுவைத்தேன். வீட்டில் காய்ச்சல், அலுவலகத்தில் கணக்கு முடிப்பு என்று ஒன்பது நாள் எழுத முடியாமல் போய்த் திரும்பி வந்தபோது 400 என்பது 430 ஆகியிருந்தது. அடுத்த விடுபடலுக்குப் பின் 460. எழுதாமல் போன நாளுக்கு வட்டி சேர்வதைப் பார்த்ததும் பழைய தயக்கம் மறுபடி தலைகாட்டியது. தேதியை நீக்கிவிட்டு, விட்டது போகட்டும், இன்றைக்கு 400 என்று வைத்துக்கொண்ட பிறகுதான் மனம் அமைதியாயிற்று. கெடு வைத்தால்தான் கை ஓடும் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த வசதி உதவலாம். எனக்கு உதவியது விடுப்பு முடிந்து வரும்போது அதே எண் காத்திருந்ததுதான். திருத்தும் கட்டத்தில் நான் பட்டையை மூடியே வைத்திருந்தேன். 300 சொற்களை வெட்டி எறிந்த காலைதான் சில சமயம் நாவலுக்கு மிக நல்ல காலையாக இருக்கும், அதைச் சிவப்புப் பட்டையால் அளக்கக் கூடாது.

வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது ஸ்னாப்ஷாட் என்னும் வசதியைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு காட்சியில் கை வைக்கும் முன் அதன் அப்போதைய வடிவத்தை ஒரு சொடுக்கில் பதிந்துவைத்துக்கொள்ளலாம். பிறகு எத்தனை முறை மாற்றினாலும் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், தேவைப்பட்டால் அதையே மீட்டுக்கொள்ளலாம். என் நாவலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. முதல் வடிவத்தில் இப்படி எழுதியிருந்தேன்: “வெயில் சுட்டெரித்தது. தாங்க முடியாத வேதனையோடு செல்லம்மாள் உப்பைச் சுமந்தாள்.” யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. இரண்டாவது வடிவம்: “செல்லம்மாள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் காலைக் கழுவக் குடிதண்ணீர்க் குடத்தருகே போனாள். குடத்தில் இருந்த அளவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.” வெயிலும் வேதனையும் சொல்லப்படாமலே வந்துவிட்டன என்று அன்று மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்து, வாசகருக்குப் புரியாதோ என்ற பயத்தில், “தன் புண்ணைவிடப் பிள்ளைகளின் தாகம் பெரிது என்று அவள் நினைத்துக்கொண்டாள்” என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன். இன்னும் இரண்டு மாதம் கழித்து மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, அந்த மூன்றாவது வரி காட்சியைக் கொன்றிருப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டாவது வடிவத்தை மீட்டுக்கொண்டேன். திரும்பிப் போக வழி இருக்கிறது என்ற உறுதி இருந்ததால்தான் அத்தனை தைரியமாக மாற்றிப் பார்த்தேன். பழைய கோப்பில் எழுதியபோது நல்ல வரி ஒன்றை இழந்துவிடுவோமோ என்று பயந்தே பல மோசமான வரிகளைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

திரையை இரண்டாகப் பிரித்து ஒருபுறம் உப்பளத்தின் புகைப்படத்தையும் மறுபுறம் எழுத்தையும் வைத்துக்கொள்ள முடிவதும், மற்றவை அனைத்தையும் மறைத்துத் தாளை மட்டும் காட்டும் முழுத்திரையும், எழுதிய ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையைப் பதிந்துவைக்கும் வரலாற்றுப் பக்கமும் பயனுள்ளவையே. மூடும்போது தானாகவே காப்புப் பிரதி எடுத்துவைக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. தமிழ் உள்ளீட்டுக்கென்று தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. முத்து நெடுமாறனின் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளும் மேக்கிலேயே இருப்பதால், தமிழ்99இல் நேரடியாக எழுதினேன்.

குறைகளுக்கு வருவோம். இடைமுகம் தமிழில் இல்லை. ஆங்கிலக் கட்டளைப் பட்டிகளில் (மெனு) பழக்கமில்லாதவருக்கு முதல் இரண்டு வாரம் கடினமாகத்தான் இருக்கும். கம்பைல் என்று அவர்கள் அழைக்கும் வெளியீட்டுப் பகுதி மிகுந்த ஆற்றல் உள்ளது, ஆனால் அதைக் கற்பதற்குப் பொறுமை வேண்டும். துண்டுகளையெல்லாம் சேர்த்து வேர்டு கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ மின்னூலாகவோ ஆக்கித் தருவது அதன் பணி. வெளியீட்டுக்கான எழுத்துருவை அங்கே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுபவர்கள் மறக்கக் கூடாது, எழுதும்போது நாம் பார்த்த எழுத்துரு அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நான் தலைப்பு அலங்காரம் எதிலும் இறங்காமல் எளிய வேர்டு கோப்பாக எடுத்துப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். அங்கிருந்து அவர் குறித்து அனுப்பிய திருத்தங்களை மறுபடி ஸ்கிரிவனருக்குள் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே பிரதியில் வேலை செய்வதற்கு இது உகந்ததல்ல.

இவற்றைவிடப் பெரிய குறை, ஆண்ட்ராய்டு பதிப்பு இல்லாதது. தமிழில் இன்று எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர், குறிப்பாகத் தனி அறையும் மேசையும் வாய்க்காத பெண்கள், பேருந்திலும் சமையலறையிலும் கைப்பேசியில்தான் எழுதுகிறார்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பேசி. அவர்களுக்கு இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க வழியில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். அவர்கள் இதன் அடிப்படை எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பேசியில் உள்ள குறிப்புச் செயலியில் காட்சிக்கு ஒரு குறிப்பு என்று வைத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் எண்ணும் ஒருவரிச் சுருக்கமும் எழுதிவைத்தால், பைண்டர் தரும் பயனில் பெரும்பகுதி செலவில்லாமலே கிடைத்துவிடும்.

விலை ஏறத்தாழ 60 டாலர். மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பு நம்முடையது. மேக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி உரிமம். நம் ஊர் எழுத்தாளருக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் என்பது சிறிய தொகை அல்ல, பல சிறுகதைகளுக்கான சன்மானத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. ஆகவே சிறுகதை, கவிதை, கட்டுரை எழுதுபவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முந்நூறு பக்கம் போகக்கூடிய நாவலோ, பல ஆண்டுக் குறிப்புகளைக் கோக்க வேண்டிய வரலாற்றுப் புனைவோ கையில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும் முன் இலவசமாக 30 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த 30 என்பது நாட்காட்டி நாள் அல்ல, திறந்து பயன்படுத்தும் நாள். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் எழுதுகிறவருக்கு அது பதினைந்து வாரம் வரும். புதுக் கதை ஒன்றை இதில் தொடங்கிப் பார்க்காமல், நடுவழியில் நின்றுபோன பழைய கதை ஒன்றை உள்ளே கொண்டுவந்து பாருங்கள். காட்சி முடியும் இடத்தில் சுட்டியை வைத்து, அங்கே வெட்டும் கட்டளையைக் கொடுத்தால் ஒரு தாள் இரண்டாகும். ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையில் ஒரு வரி எழுதுங்கள், நிறம் கொடுங்கள், முதல் அமர்வில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். எனக்கு இதற்கு இரண்டு காலைகள் பிடித்தன. மூன்றாம் நாள் காலை, செல்லம்மாள் காணாமல் போயிருந்த 21ஆம் அட்டைக்கும் 22ஆம் அட்டைக்கும் இடையில் ஒரு வெற்றுத் தாளைச் சேர்த்து, பச்சை நிறம் கொடுத்து, ஐந்து பத்துக்கு எழுதத் தொடங்கினேன்.